கழுதைமேல் தூங்கும் பெண் யார்?

கேள்வி: பெல்ஜியம் போயிருந்தபோது பழைய பொருள் கடையில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வாங்கினேன். ஒரு பெண் கழுதைமேல் சாய்ந்து தூங்குகிறாள். சுற்றிலும் நத்தைகள், விகாரமான உருவங்கள். 'டெசிடியா' என்று எழுதியிருக்கிறது. இதற்கு என்ன பொருள்? பழைய அச்சுதானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: அந்தப் பெண்தான் சோம்பல். டெசிடியா என்ற லத்தீன் சொல்லுக்கு அதுதான் பொருள். கிறிஸ்தவர்கள் 'தலையான பாவங்கள் ஏழு' என்பார்களே, அவற்றை ஓவியர் பீட்டர் புரூகல் 1556, 57-இல் வரைந்தார். பீட்டர் வான் டெர் ஹைடன் செப்புத்தகட்டில் செதுக்க, ஹீரோனிமஸ் காக் 1558-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்டார்.

இந்த வரிசையில் எந்தப் படம் கிடைத்தாலும் பூதங்களைப் பார்த்து மிரள வேண்டாம். நடுவில் இருக்கும் பெண்ணையும் அவள் பக்கத்து விலங்கையும் முதலில் பாருங்கள். மயிலும் கண்ணாடியும் இருந்தால் அகங்காரம். தேரை இருந்தால் லோபித்தனம், கரடி என்றால் கோபம், பன்றி என்றால் போசனப்பிரியம். காய்மகாரத்துக்கு, அதாவது பொறாமைக்கு, வான்கோழி; அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு அப்போதுதான் வந்திருந்த பறவை அது.

அப்புறம் ஓரங்களுக்குப் போங்கள். உங்கள் படத்தில் ஒரு பேய் அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது: சோம்பலுக்குப் பணிவிடை செய்ய எப்போதும் ஆள் தயார் என்று அந்த ஒரு கையிலேயே புரூகல் காட்டிவிடுகிறார். பின்னால் குந்தியிருக்கும் ராட்சதனைச் சிலர் கோலால் குத்துவார்கள். மலம் கழிக்கக்கூடச் சோம்பல் என்று பிளெமிஷில் (அந்தப் பகுதியின் டச்சு மொழியில்) உள்ள சொல்வழக்கை அப்படியே வரைந்திருக்கிறார்.

சரி, பழையதா என்று பார்ப்போம். பூதக்கண்ணாடியில் கோடுகள் சிறு புள்ளிகளாகச் சிதறினால் அது பிற்கால அச்சகப் பிரதி; சந்தேகமே வேண்டாம். கையால் செதுக்கிய கோடு நடுவில் தடித்து, நுனியில் கூராக முடியும். படத்தின் அளவு ஏறக்குறைய 22 × 29 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அக்காலக் கைக்காகிதத்தின் நெருக்கமான இணைவரிகள் தெரியும். தகடு அழுந்திய விளிம்புத் தடத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓரம் வெட்டிய அசலில் அது இருக்காது, பிரதியில் போலியாகவும் அழுத்துவார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. புரூகலின் மூல ஓவியம் வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகட்டு அச்சில் இடம் வலம் மாறிவிடும். உங்கள் படம் மூல ஓவியத்தின் திசையிலேயே இருந்தால், அது 1558-இன் அச்சு அல்ல.

இத்தனையும் பொருந்தினால், சட்டத்திலிருந்து நீங்களே பிரிக்காமல் காகிதப் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.