மத சுதந்திரம் இருந்த ஜப்பானில் ஆலய வணக்கம் எப்படிக் கட்டாயமானது?

அந்தச் சுதந்திரத்தை அரசு ரத்து செய்யவே இல்லை. ஜப்பானின் பழைய தெய்வ வழிபாட்டு மரபான ஷிண்டோவின் ஆலயச் சடங்கு மதமே அல்ல, குடிமகன் செய்யவேண்டிய மரியாதை என்று சொல்லிவிட்டது. 1889 அரசியலமைப்போடு நீங்கள் பார்க்கும் முரண்பாடு அங்கேதான் கழன்றுபோகிறது.

அந்த அரசியலமைப்பின் 28ஆம் பிரிவைப் பாதிவரை படித்து நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மத சுதந்திரம் உண்டு, ஆனால் பொது அமைதியைக் குலைக்காமலும் குடிகளின் கடமைக்கு முரணாகாமலும் இருக்கும்வரைதான். எது கடமை என்று சொல்வது யார்? அரசேதான். கெட்டிக்காரத்தனம்!

சரி பார்க்க ஒரு வழி: எதை எந்த அலுவலகம் கவனித்தது என்று தேடுங்கள். 1900இல் உள்துறை அமைச்சகம் ஆலயங்களுக்கு ஒரு பிரிவும் மதங்களுக்கு வேறொரு பிரிவும் வைத்தது. பௌத்தமும் கிறிஸ்தவமும் இரண்டாவதில். 1913இல் அந்த மதப் பிரிவு கல்வி அமைச்சகத்துக்கே போய்விட்டது.

நடைமுறையில் இந்தக் 'குடிமகன் மரியாதை' எப்படிக் கடித்தது என்பதற்கு ஆசிரியர் உச்சிமுரா கன்ஸோவைப் பாருங்கள். 1891 ஜனவரியில் டோக்கியோவின் ஒரு பள்ளியில், பேரரசர் கையொப்பமிட்ட கல்வி ஆணைக்கு முன் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வணங்கினார்கள். கிறிஸ்தவரான இவர் தலையை லேசாகச் சாய்த்ததோடு சரி. ஊரே கொந்தளித்தது, வேலையும் போயிற்று.

ஒரு எச்சரிக்கை: 1890களையும் 1930களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆலயத்தில் வணங்கவைக்கும் கெடுபிடி பின்னதில்தான் இறுகியது. அப்புறம், இந்த ஏற்பாட்டுக்கு 'அரசு ஷிண்டோ' என்ற பெயர் பரவலானதே 1945 டிசம்பரில், போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட நேச நாட்டுப் படை நிர்வாகம் போட்ட உத்தரவுக்குப் பிறகுதான்.