டைலில் மிச்சம் பிடியுங்கள், இடுக்கில் செலவழியுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்களை பத்துக்கு எட்டு அடி. பழைய மொசைக் தரை, அங்கங்கே தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரு நாட்டு நாய், இரண்டு பூனை, மூன்றும் வீட்டுக்குள்ளேதான். நாய் சில நாள் கதவோரம் சிறுநீர் கழித்துவிடுகிறது, எவ்வளவு துடைத்தாலும் வாடை போவதில்லை. கடைக்காரர் பளபள டைல்ஸ் காட்டுகிறார். கடப்பா கல் போதும் என்கிறார் கணவர். மகளுக்கு மரம் மாதிரி இருக்கிற வினைல்தான் வேண்டுமாம். செலவு கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், தினமும் தேய்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. எதைப் போடலாம்?

பதில்: இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைட் டைல் (தண்ணீர் ஊறாதபடி இறுகச் சுட்டது), மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத மேற்பரப்பு. 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பதித்து, அதை எபாக்ஸியால் (ரெசின், ஹார்ட்னர் என்ற இரண்டு திரவத்தோடு பொடி சேர்த்துக் கலக்கும் பூச்சு) அடையுங்கள். டைல் விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, எபாக்ஸியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காரணம் இதுதான். விட்ரிஃபைட் டைல் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. சாதாரண செராமிக் தரை டைல் 3 முதல் 6 சதவீதம் வரை உறிஞ்சும். ஆக, வாடை தங்குவது விட்ரிஃபைட் டைலில் அல்ல, டைலுக்கு டைல் உள்ள இடுக்கில். ஒயிட் சிமெண்ட் அடைத்த இடுக்கு, கொத்தனார் சொல்லும் ஜாயின்ட், சிறுநீரைக் குடித்துக்கொள்ளும். அதிலுள்ள கழிவு உள்ளேயே உட்காரும், வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது. மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் மறுபடி நாறும். அந்த வாடையை மோப்பம் பிடித்துத்தான் நாயும் அதே இடத்துக்குத் திரும்ப வருகிறது. எபாக்ஸி ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது, புளித்தண்ணீர், எண்ணெய் உட்பட.

உங்கள் 80 சதுர அடிக்கு, 9 மி.மீ. கனமுள்ள டைலென்றால் எபாக்ஸி ஏறக்குறைய 1.1 கிலோ பிடிக்கும். சேதாரம் சேர்த்து இரண்டு கிலோ வாங்குங்கள். ஓரடி டைலுக்குப் போனால் ஜாயின்ட் நீளம் இரட்டிப்பாகும், மூன்று கிலோ வரை இழுக்கும். சின்ன டைல் மலிவு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

டைல் கணக்கு: நான்கு டைல் உள்ள ஒரு பெட்டி சுமார் 15.5 சதுர அடி. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டி 88 சதுர அடி, அதாவது ஆறு பெட்டி. சுவரின் அடியில் ஒட்டும் நாலு அங்குலப் பட்டைக்கு (ஸ்கர்ட்டிங்) ஒரு டைலை அறுத்தால் ஐந்து பட்டை, பத்தடி நீளம் கிடைக்கும். கதவு போக 33 அடி என்றால் நாலு டைல், ஆக மொத்தம் ஏழு பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஷேட் எண்ணும் (நிறச்சாயல்) பேட்ச் எண்ணும் (தயாரித்த தொகுதி) ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பதித்த பிறகு கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். சொல்லும் விலை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பளபள டைல் உலர்ந்திருக்கும்போதே நாயின் நகத்துக்குப் பிடி கொடுக்காது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி ஈரமாகிவிட்டால் பின்னங்கால் இரண்டும் விரிந்து சறுக்கும், வயதான நாய்க்கு இடுப்பு போய்விடும். மேட் டைலிலும் ஒரு சோதனை உண்டு. கடையிலேயே மாதிரி டைலில் தண்ணீர் ஊற்றி ரப்பர் செருப்பால் தேய்த்துப் பாருங்கள், வழுக்கக் கூடாது. பிறகு பென்சிலால் ஒரு கோடு கிழித்து ஈரத்துணியால் துடையுங்கள். கோடு போகாவிட்டால் அந்த டைல் எண்ணெய்ப் பிசுக்கையும் விடாது. கார் நிறுத்துமிடத்துக்கான சொரசொரப்பு டைல் அடுக்களைக்கு வேண்டாம், முடியும் மாவும் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். நிறம் நடுத்தரச் சாம்பலோ மணல் நிறமோ, புள்ளி போட்டதாக இருக்கட்டும். வெள்ளையில் பாதத் தடம் தெரியும், கறுப்பில் உப்புத்தண்ணீர்த் திட்டு தெரியும்.

கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை, புளி, சிறுநீர் எது பட்டாலும் மங்கித் திட்டாகும். மார்பிளுக்கும் இதே கதிதான். ஆத்தங்குடி கல் அழகுதான், ஆனால் அது சிமெண்ட், அமிலம் ஆகாது. கிரானைட் தாங்கும், செலவு ஏறும். மகள் கேட்கும் வினைல் பலகை தண்ணீரில் ஊறாது, உண்மை. ஆனால் இணைப்பு வழியாகச் சிறுநீர் அடியில் இறங்கினால் பலகையைப் பிரிக்காமல் வாடையை எடுக்க முடியாது. பள்ளம் விழுந்த தரையை முதலில் மட்டப்படுத்தவும் வேண்டும்.

மொசைக்கைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பெயர்க்க வேண்டாம், மேலே கொத்துப் போட்டுச் சொரசொரப்பாக்கி, டைல் அட்ஹெசிவ் என்ற பசை கொண்டு ஒட்டலாம். தரை அரை அங்குலம் உயரும், கதவின் அடியை இழைக்க வேண்டிவரும். கொத்தனார் பசையை ஐந்து உருண்டையாக வைத்து டைலை அமுக்க வந்தால் தடுங்கள். பல் கரண்டியால் முழுக்கப் பரப்ப வேண்டும். அடியில் வெற்றிடம் இருந்தால் குழவி விழுந்த அன்றே டைல் உடையும்.

எபாக்ஸி கெட்டுப்போவது பெரும்பாலும் கலவையில்தான். ரெசினையும் ஹார்ட்னரையும் முதலில் நன்றாகக் கலக்கி, பிறகே பொடியைச் சேர்க்க வேண்டும். பாதி பாக்கெட் கலப்பதானால் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். கண் அளவில் ஊற்றினால் பிசுபிசுப்பு காயவே காயாது. நம் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அடைத்த கையோடு ஈர ஸ்பாஞ்சால் மேலே படிந்ததைத் துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்த படலம் ஆசிடுக்குக்கூட அசையாது. கூலியை அடிக் கணக்கில் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், டைல் பதிக்கும் கூலியில் இது சேராது.

கேள்வி: எங்கள் வீட்டில் போன வருடம் போட்ட விட்ரிஃபைட் டைல். ஒரு மூலையில் மட்டும் பூனை வாடை. எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்த மூலையிலும் சுற்றி இரண்டு டைல் தூரத்துக்கும் ஜாயின்ட்டை மட்டும் சுரண்டி எடுங்கள், டைல் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், சிறுநீர் வாடையை முறிக்கும் என்சைம் திரவத்தை இடுக்கு நனைய ஊற்றி, புட்டியில் சொன்ன நேரம் விடுங்கள். துடைத்து இரண்டு நாள் காயவிட்டு எபாக்ஸி அடையுங்கள். ஈரத்தின் மேல் அடைத்தால் பிடிக்காது.

கேள்வி: பூனை உள்ள வீட்டில் ஃபினாயில் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: கூடாது. ஃபீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. தரையில் நடந்த பாதத்தை அது நக்கும், உள்ளே போய்விடும். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரை ஸ்பூன் போதும். சிறுநீர் கிடக்கும்போது அதன் மேல் பிளீச்சிங் ஊற்றாதீர்கள், மூச்சடைக்கும் வாயு கிளம்பும். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத்தண்ணீரில் துடைத்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள். சிமெண்ட் ஜாயின்ட் உள்ள தரையில் ஆசிடும் வினிகரும் வேண்டாம், ஜாயின்ட்டை அரித்துவிடும்.