ரயில் ரத்தானது, பணம் யார் கையில்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். அப்பாவின் திதிக்காக ராமேஸ்வரம் போக, பிரவுசிங் சென்டர் ஒன்றில் நான்கு பேருக்கு ஸ்லீப்பர் டிக்கெட் போட்டு, 1,600 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். தண்டவாளத்தில் மழைத் தண்ணீர் ஏறியதால் ரயிலையே ரத்து செய்துவிட்டார்கள். பஸ் மாறி மாறித்தான் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மாதமாகியும் பணம் வரவில்லை. "ரயில்வே இன்னும் போடலைம்மா" என்று மெசேஜ் அனுப்புகிறார் கடைக்காரர். ரயில்வே மீது வழக்குப் போடலாமா? பஸ் செலவும் கிடைக்குமா?

பதில்: ரயில்வே மீது பாய வேண்டாம் அம்மா. ரயில்வேயே ஒரு ரயிலை முழுவதுமாக ரத்து செய்தால், இ-டிக்கெட்டுக்கு டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) போட வேண்டியதில்லை. யாரும் கேன்சல் செய்ய வேண்டியதும் இல்லை. கட்டணம் முழுவதும் தானாகத் திரும்பிவிடும். ஆனால் அது பயணம் செய்பவர் கணக்குக்குப் போகாது, டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய கணக்குக்குத்தான் போகும். நீங்கள் ரொக்கம் கொடுத்தீர்கள். ஐஆர்சிடிசிக்குக் கட்டியது கடைக்காரரின் கணக்கு. இரண்டு மாதம் என்பது நீண்ட காலம். பணம் பெரும்பாலும் அவரிடம் வந்து சேர்ந்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய டிக்கெட் பிரிண்டைப் பார்த்தேன். கட்டணம் 1,240 ரூபாய் என்றுதான் இருக்கிறது. மேலே 'நார்மல் யூசர்' என்று அச்சாகியிருக்கிறது. அதாவது அவர் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட்டாக இல்லாமல், சொந்த உபயோகத்துக்கான ஐடியில் உங்களுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். அங்கீகார ஏஜென்ட் என்றால் டிக்கெட்டில் அவர் விவரம் இருக்கும். அவர் கேன்சல் செய்தால் உங்கள் போனுக்கு ஓடிபியும் வரும். லாபத்துக்காக இப்படி அனுமதியில்லாமல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் 143ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். இந்தப் பிரிவு இ-டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்காக, "ஆர்பிஎஃப்பில் (ரயில்வே பாதுகாப்புப் படையில்) சொல்லிவிடுவேன்" என்று கடை வாசலில் நின்று மிரட்டாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்தப் பேச்சு உங்களுக்கே வினையாகும்.

முதலில் அவரிடம் ஐஆர்சிடிசி கணக்கைத் திறந்து அந்த பிஎன்ஆருக்கான ரீஃபண்ட் விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மறுத்தால், பயணத் தேதி, பிஎன்ஆர், கொடுத்த தொகை எல்லாம் எழுதி, 15 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். ரொக்கத்துக்கு ரசீது இல்லையே என்று கவலை வேண்டாம். "ரயில்வே போடலை" என்று அவர் அனுப்பிய மெசேஜே, உங்களுக்குப் பணம் பாக்கி என்பதற்குச் சாட்சி. அதை அழித்துவிடாதீர்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் 1,600 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாக அலைய வேண்டுமா? என்னைக் கேட்டால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அங்கிருந்து அழைப்பு போனாலே பெரும்பாலான கடைக்காரர்கள் பணத்தோடு வந்துவிடுவார்கள். டிக்கெட் கட்டணத்துக்கு மேல் வாங்கிய 360 ரூபாயையும் சேர்த்தே கேளுங்கள்.

பஸ் செலவு கிடைப்பது கடினம். ரயில் தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்ட ஒருவருக்கு 2021இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உறுதி செய்தது உண்மைதான். அங்கே தாமதத்துக்குக் காரணம் என்ன என்று ரயில்வேயால் நிரூபிக்க முடியவில்லை. உங்கள் விஷயத்தில் காரணம் தண்டவாளத்தின் மேலேயே ஓடியது.