கண்ணாடித் திரையும் கடல் வெயிலும்

(மண்டபத்தில் 22 ஆண்டுகளாகப் படகு வயர்லெஸ் செட்டுகளையும் கைப்பேசிகளையும் பழுதுபார்த்துவரும் நமது கட்டுரையாளர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் தம்பி அம்மாவுக்கு ஐபோன் அனுப்பப் போகிறான். அதில் இப்போது எல்லாம் கண்ணாடிக்குள் இருப்பதுபோலத் தெரிகிறது, பலரும் குறை சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றது பாக்கி. வாங்கலாமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: வாங்கலாம். ஆனால் அம்மா கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் அரைமணி நேரம் அந்தப் போனோடு உட்கார வேண்டும்.

கேள்விப்பட்டது உண்மைதான். ஆப்பிள் நிறுவனம் 2025 ஜூனில் அறிவித்து, செப்டம்பர் 15 அன்று வெளியிட்ட ஐஓஎஸ் 26 என்ற ஐபோன் இயக்க மென்பொருள், திரையின் தோற்றத்தை அடியோடு மாற்றியது. 'லிக்விட் கிளாஸ்' என்று பெயர் வைத்தார்கள். பொத்தான்களும் பட்டிகளும் கண்ணாடித் துண்டுபோலிருக்கும். பின்னால் இருப்பது வளைந்து நெளிந்து தெரியும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் எழுத்துக்குப் பின்னால் எந்த நிறம் வந்து நிற்கும் என்பதை வடிவமைத்தவராலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாது. பேரப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் நிற்கும் படத்தை அம்மா முகப்பில் வைத்தால், அதன் மேல் வரும் வெள்ளை எழுத்து சட்டையோடு கரைந்துவிடும். பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இணையத்தளங்களுக்கு வகுத்த அணுகல் நெறி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கிறது. பின்னணி மாறிக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கு எப்படி நிற்கும்?

சோதனைப் பதிப்புக் காலத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. முதல் பதிப்பில் கன்ட்ரோல் சென்டரின் (வைஃபை, வெளிச்சம் போன்றவற்றைச் சட்டென மாற்றும் பலகை) பொத்தான்களும் பின்னால் இருந்த ஐகான்களும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. இரண்டாவதில் பின்னணியை மங்கலாக்கினார்கள். மூன்றாவதில் கண்ணாடி பனி படிந்ததுபோல ஆனது. நான்காவதில் மறுபடியும் தெளிந்தது. இப்படி முன்னும் பின்னும் போனதே அவர்களுக்கும் அளவு பிடிபடவில்லை என்பதைக் காட்டுகிறது.

நவம்பரில் வந்த ஐஓஎஸ் 26.1 என்ற அடுத்த பதிப்பில்தான் பயனாளருக்கே ஒரு வழி கொடுத்தார்கள். செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்' பகுதிக்குள் லிக்விட் கிளாஸ் என்று இருக்கும். அதில் 'டின்டட்' (கண்ணாடியின் ஊடுருவல் குறைந்த தோற்றம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'அக்சஸிபிலிட்டி'க்குள் போய் எழுத்தளவுப் பகுதியில் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி', 'இன்கிரீஸ் கான்ட்ராஸ்ட்', 'போல்ட் டெக்ஸ்ட்' மூன்றையும் போட்டுவிடுங்கள். முகப்புப் படம் ஒரே நிறத்தில் இருக்கட்டும். பேரனின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொடுங்கள்.

தம்பியிடம் எந்த மாடல் என்றும் கேளுங்கள். ஐஓஎஸ் 26, ஐபோன் 11-இலும் ஓடும், ஐபோன் 17-இலும் ஓடும். ஆனால் முன்னதன் திரை வெளிச்சம் 625 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). பின்னது வெளியில் 3000 நிட்ஸ் வரை ஏறும். ஒரே கண்ணாடித் தோற்றத்தைப் பழைய போன்காரர் அதிகமாக வெறுப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: நான் விசைப்படகு டிரைவர். என் போன் (ஐபோன் அல்ல) ஓர் இரவில் தானாகவே அப்டேட் ஆகிவிட்டது. அதிலிருந்து சார்ஜ் நிற்பதில்லை. கடலில் காலை பத்து மணிக்கு மேல் திரையில் ஒன்றும் தெரிவதில்லை. பழையபடி மாற்ற முடியுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: சார்ஜைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய அப்டேட்டுக்குப் பின் போன் தன்னிடமுள்ள படங்களையும் கோப்புகளையும் பின்னணியில் புதிதாக அட்டவணைப்படுத்தும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஒரு வாரம் ஆகியும் இறங்கிக்கொண்டே இருந்தால், எந்தச் செயலி தின்கிறது என்பதை பாட்டரிப் பகுதியில் பாருங்கள்.

திரை விஷயம் எனக்கு ஆற்றாமை தருவது. வெயில் திரையில் பட்டுத் திரும்பும்போது எழுத்தின் மீதும் பின்னணியின் மீதும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கொட்டுகிறது. முன்பே குறைவாக இருந்த வேறுபாடு அதில் அடிபட்டுப்போகிறது. குளிரூட்டிய அறையில் சாம்பல் எழுத்தை வரைகிறவருக்கு, நாலாபுறமும் தண்ணீர் பளபளக்கும் இடத்தில் உப்பு படிந்த கண்ணாடியைப் பார்ப்பது எப்படி என்று தெரியாது. நீங்கள் அதில் இலங்கையுடனான கடல் எல்லைக்கோட்டைப் பார்க்கிறீர்கள். தப்பாகப் பார்த்தால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். எல்லைக்கு ஜி.பி.எஸ். கருவியையே நம்புங்கள்; போன் இரண்டாவது துணையாக மட்டும் இருக்கட்டும்.

பகலில் 'டார்க் மோட்' வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே வெயிலில் நிற்கும். போனை வெயில்படும் பலகையில் வைக்காதீர்கள். சூடேறினால் அதுவாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது சுலபமல்ல. பெரும்பாலும் போனில் உள்ள அனைத்தும் அழியும். பல மாடல்களில் வழியே கிடையாது. எனவே பெரிய அப்டேட்டுகளுக்குத் தானியங்கியை அணைத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி வேலை பார்க்கும் 61 நாட்கள் இருக்கின்றனவே, அப்போது செய்யுங்கள். பாதுகாப்புக்கான சிறு திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: புதிதாக எது வந்தாலும் எதிர்ப்பார்கள், பழகினால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் ஆசிரியர். சரிதானா?
– மாணவர், தொண்டி

பதில்: பாதி சரி. 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது அதன் தட்டையான தோற்றத்தைத் திட்டியவர்கள் பின்னர் பழகிக்கொண்டார்கள். ஆனால் அதன் அசைவுகளால் சிலருக்குத் தலைசுற்றல் வந்ததே, அது பழகவில்லை. அசைவைக் குறைக்கும் வழியை 7.0.3-இல் விரிவாக்கிய பிறகுதான் நிவாரணம் கிடைத்தது. விண்டோஸ் 8, 2012-இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டது. மறு ஆண்டே 8.1-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஐஓஎஸ் 26-இல் அலாரத்தை நிறுத்தும் பொத்தானும் ஒத்திவைக்கும் பொத்தானும் பெரிதாக அருகருகே வந்தன, 26.1-இல் இழுத்தால்தான் நிற்கும் என்று மாற்றினார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கடலுக்குப் போகும் வீட்டில் அந்த மாற்றத்தின் அருமை தெரியும். பழக்கமின்மை வேறு, பழுது வேறு. உங்கள் ஆசிரியர் இரண்டையும் ஒன்றாக்குகிறார்.

கேள்வி: புகார் எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள்?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: மேலே சொன்ன திருத்தங்கள் எல்லாம் மக்கள் குறை சொன்ன பிறகே வந்தவை. 'நன்றாக இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். மாடல், பதிப்பு எண், எத்தனை மணி, வெயிலிலா நிழலிலா, எந்தப் பொத்தான் என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் பயனில்லை. அதில் வெயில் பதியாது, எழுத்து தெளிவாகவே தெரியும். இன்னொரு போனால் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். இன்னொரு போன் இல்லையென்றால் நண்பகலில் கடைக்கு வாருங்கள், வாசலில் நின்று நானே எடுத்துத் தருகிறேன்.