காலில் பிளேட் வைத்த நாய்க்குப் புற்றுநோய் வருமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ராஜபாளையம் நாய் வீரனுக்கு ஐந்து வயது. இரண்டு வயதில் பைக் மோதி, பின்னங்காலில் தொடை எலும்பு முறிந்தது. பிளேட், ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நன்றாக ஓடுகிறான். உள்ளே இருக்கும் உலோகத்தால் எலும்பில் கேன்சர் வரும் என்று பக்கத்து வீட்டுப் பையன் போனில் படித்துச் சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பிளேட்டை எடுத்துவிடலாமா?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. ஓடி விளையாடுகிற நாயின் காலை மறுபடி திறக்காதீர்கள். பிளேட்டை எடுத்தால் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மூடும் வரை எலும்பு பலவீனமாக இருக்கும். அந்தச் சமயத்தில் மொட்டை மாடிப் படியில் ஒரு தாவு தாவினாலே திரும்ப முறியலாம். சீழ் பிடித்தாலோ, ஸ்க்ரூ கழன்றாலோ, அந்த இடத்தைத் தொட்டால் வலித்தாலோதான் நாங்கள் எடுப்போம்.

பையன் படித்தது பொய்யில்லை. எலும்பு முறிந்து உலோகம் வைத்த அதே இடத்தில், வருடங்கள் கழித்துப் புற்றுநோய்க் கட்டி வந்த நாய்கள் உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் 1970களிலேயே இதை எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எலும்புக்குள் செருகிய, ஸ்பிரிங் வைத்த ஜோனாஸ் கம்பியின் மேல் சந்தேகம் விழுந்தது. 1993-இல் அங்கேயே நூற்றுக்கணக்கான நாய்களின் கேஸ் ஷீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, உலோகத்துக்கும் கட்டிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு, முழங்கால் ஜவ்வு அறுந்ததற்காக எலும்பை வெட்டித் திருப்பி பிளேட் வைத்த நாய்களுக்கு, அந்த இடத்தில் ஆபத்து கூடுதல் என்றது. உலோகம் மட்டும்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. முறிவு சரியாகக் கூடாமல் இழுத்தடித்தது, உள்ளே சீழ் தங்கியது, உலோகம் அரித்தது என்று எலும்பில் வருடக்கணக்கில் புண் ஆறாமல் இருந்த கேஸ்களைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். வீரனுக்கு அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. மொத்தத்தில் இது அபூர்வமான நோய்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. நாலைந்து வருடம் நன்றாக நடந்த நாய் திடீரென்று அதே காலை நொண்டும். "பனிக்காலம், பிளேட் வலிக்குது" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மெடிக்கலில் மனுஷருக்கு விற்கும் வலி மாத்திரையை வாங்கி இட்லிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோடு, வலி அடங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்ணமும் அடங்கிவிடும். நொண்டலுக்குக் காரணம் புற்றுநோய்க் கட்டியாக இருந்தால், அது அதற்குள் நுரையீரலுக்குப் போய்விடும்.

வாரம் ஒருமுறை வீரனை நிற்க வைத்து, அவன் பின்னால் உட்காருங்கள். இரண்டு கைகளையும் இரண்டு தொடைகளிலும் வைத்து, மேலிருந்து முட்டி வரை ஒரே சமயத்தில் தடவிக்கொண்டே வாருங்கள். ஆபரேஷன் செய்த தொடை கொஞ்சம் மெலிந்திருக்கலாம், அது பரவாயில்லை. புதிதாக ஒரு கெட்டியான வீக்கம், சூடு, அழுத்தினால் தலையைத் திருப்பிப் பார்ப்பது, நாளுக்கு நாள் சதை வற்றுவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். நாய்களுக்கு வழக்கமாக வரும் எலும்புப் புற்றுநோய் மணிக்கட்டு, தோள், முட்டி பக்கமாக எலும்பின் முனையில்தான் வரும். முறிந்த இடத்தில் வருவது பெரும்பாலும் நடு எலும்பில், பிளேட்டை ஒட்டியே இருக்கும். எக்ஸ்ரேயில் சீழும் கட்டியும் ஒரே மாதிரி தெரியக்கூடும். அதனால் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் காத்திருக்காமல், ஊசி வைத்துத் துளி எலும்பு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நெஞ்சுக்கும் எக்ஸ்ரே வேண்டும்.

புற்றுநோய்தான் என்று உறுதியானால், நெஞ்சு சுத்தமாக இருக்கும்பட்சத்தில், காலை எடுத்துவிட்டு கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி போடுவதுதான் வழக்கமான வைத்தியம். காலை எடுப்பது என்றதும் வீட்டில் அழுகைதான். ஆனால் வலி தீர்ந்த நாய் மூன்று காலில் தெருக்கோடி வரை ஓடும், நானே பார்த்திருக்கிறேன். முழுக்கக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன். பல நாய்களுக்கு ஒரு வருடம் போலக் கிடைக்கும்.

உங்களுக்குப் பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நொண்டல் இல்லாவிட்டாலும் வருடம் ஒரு எக்ஸ்ரே எடுத்து வையுங்கள். ஆபரேஷன் முடிந்தபோது எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். அதோடு ஒப்பிட்டால்தான் புதிதாக என்ன மாறியிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும்.