பழைய டீசல் சொகுசுக் காரை நம்பி வாங்கலாமா?

10 முதல் 15 ஆண்டுகள் ஓடிய டீசல் சொகுசுக் காரை வாங்கலாமா, அந்த இன்ஜின்கள் பல லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நற்பெயரைச் சம்பாதித்தவை முந்தைய தலைமுறைக் கார்கள். 1976இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123இன் டீசல் பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்கியது. அடைத்துக்கொள்ள அதில் புகை வடிகட்டி கிடையாது. 2005க்குப் பிறகு வந்த கார்களையும் அதே நம்பிக்கையோடு வாங்கித்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

இவற்றிலும் இன்ஜின் பெரும்பாலும் வலுவானதுதான். செலவு வைப்பவை அதைச் சுற்றியுள்ள உயர் அழுத்த பம்ப், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி ஆகியவையே. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் அந்த எரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கெனக் கூடுதலாகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. ஆகவே, குறைவாக ஓடியது என்பதற்காகவே ஒரு டீசல் காரைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நெடுஞ்சாலையில் நிறைய ஓடி, முறையாக ஆயில் மாற்றப்பட்ட கார் எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதற்கே உரிய பலவீனம் உண்டு. மெர்சிடிஸின் ஓஎம் 642இல் ஆயில் கூலரின் சீல்கள் கசியும். சீல் மலிவானதுதான், ஆனால் அது டர்போவுக்கு அடியில் இருப்பதால் கூலி மிக அதிகம். 2007இல் வந்த பிஎம்டபிள்யூ என் 47இல், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் இன்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது; அது அறுந்தால் இன்ஜினே போய்விடும்.

எனவே, காரை முந்தைய இரவிலிருந்தே ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜினின் பின்பக்கம் செயின் உரசும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். இன்ஜின் மூடியைக் கழற்றினால், செம்பு வாஷர் கசிந்த இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போன்ற கறுப்புப் படிவு இறுகிக் கிடப்பது தெரியும். காற்றுப் பைகளால் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், இரவு முழுக்க நின்ற கார் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்வீஸ் ரெக்கார்ட் இல்லாத காரை, விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே என்றால், அதே காரின் பெட்ரோல் மாடலைத் தேடுவதே நல்லது.