கேள்வி – பதில்: மூன்று வண்ணங்களில் ஒரே முடிவு

கேள்வி: தேசிய சேவைக்குச் செல்லும் முன் கிடைத்த ஓய்வில் என் மகன் ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற வீடியோ விளையாட்டின் மூன்று பாகங்களையும் ஒரே தொகுப்பாக வாங்கி விளையாடி முடித்தான். அன்றிலிருந்து, “இவ்வளவு தூரம் கொண்டுவந்து இப்படிக் கவிழ்த்துவிட்டார்களே” என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் பொருமுகிறான். கடைசியில் நாயகன் இறந்துவிடுகிறானாம். அதற்காகவா இவ்வளவு மனத்தாங்கல்?
– ஒரு வாசகி, செங்காங்

பதில்: அவரைச் சற்றுப் பொருமவிடுங்கள், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. (இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிச் செல்வது நல்லது.) மூன்றாம் பாகம் 2012 மார்ச்சில் வெளிவந்தபோதே உலகெங்கும் உள்ள ரசிகர்கள் இதே குறையைச் சொன்னார்கள். நாயகனின் சாவு அதில் சிறு பகுதிதான். விண்மீன் மண்டலத்தையே துடைத்தழிக்க வரும் ரீப்பர் இயந்திரங்களை எதிர்த்துப் போரிடும் கமாண்டர் ஷெப்பர்ட் உயிரோடு திரும்புவது அரிது என்பதைப் பலரும் எதிர்பார்த்தே இருந்தார்கள்.

கோபத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இந்த மூன்று பாகங்களையும் வெளியிட்ட கனடாவின் பயோவேர் நிறுவனம், ஒரு பாகத்தில் நாம் எடுக்கும் முடிவுகள் ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் கோப்பின் வழியாக அடுத்த பாகத்துக்கும் தொடர்ந்து வரும்படி கதையை அமைத்திருந்தது. எடுத்துக்காட்டாக, முதல் பாகத்தில் நோவேரியா என்ற பனிக்கோளில், அழிந்துபோனதாகக் கருதப்பட்ட ராக்னை இனத்தின் அரசி ஒரு தொட்டிக்குள் அடைபட்டிருக்கிறாள். அவளை அமிலம் பாய்ச்சிக் கொல்வதா, விடுவிப்பதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஓர் இனத்தின் தலையெழுத்தே கையில் இருக்கிறது என்று நினைத்து அந்த இடத்தில் தயங்கி நிற்காதவர்கள் குறைவு. மூன்றாம் பாகத்திலோ, அவளை விடுவித்திருந்தால் அவளையே ஒரு குகையில் மீண்டும் சந்திக்கிறீர்கள். கொன்றிருந்தால் ரீப்பர்கள் உருவாக்கிய வேறோர் அரசி அதே குகையில் அதே இடத்தில் இருக்கிறாள். அதன் பின் நடப்பவை ஓரளவு மாறும் என்றாலும், அவ்வளவு பெரிய முடிவு கடைசியில் போர் வலிமைப் பட்டியலில் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

பிறகு இறுதிக் காட்சி வருகிறது. சிறுவன் உருவில் தோன்றும் ஒரு செயற்கை அறிவு மூன்று வழிகளைக் காட்டுகிறது: ரீப்பர்களை அழிக்கலாம், அவற்றை ஆட்டிப்படைக்கலாம், அல்லது உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாகக் கலந்துவிடலாம். முதலில் வந்த பதிப்பில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறத்தாழ ஒரே காட்சிகள்தான் ஓடின. வெடித்துப் பரவும் ஒளி மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறியது. ஏ, பி, சி என்று பிரித்துச் சொல்லக்கூடிய முடிவாக அது இருக்காது என்று தயாரிப்பாளர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்பே பேட்டியில் கூறியிருந்ததால், வாக்குத் தவறிவிட்டார்கள் என்ற எண்ணம் வலுத்தது. ரசிகர்கள் மூன்று நிறப் பூச்சில், ஆனால் ஒரே வெனிலா சுவையில், 400க்கும் மேற்பட்ட கப்கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார்கள். இவ்வளவு நாகரிகமான வசவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நிறுவனம் 2012 ஜூனில் ஓர் இலவச நீட்டிப்பை வெளியிட்டது. சற்று முன்வரை பூமியில் உடன் ஓடிவந்த தோழர்கள் எப்படித் திடீரென விண்கலத்தில் இருந்து இறங்கினார்கள் என்ற புதிருக்கு அதில் விடை கிடைத்தது. போருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதும் சொல்லப்பட்டது. மூன்று வழிகளையும் மறுத்துத் தோற்கும் நான்காம் வழியும் சேர்ந்தது. 2021இல் வந்த ‘லெஜண்டரி எடிஷன்’ தொகுப்பில் இந்த நீட்டிப்பு உள்ளடங்கியே வருகிறது. உங்கள் மகன் வாங்கியது அதுவென்றால், அவர் பார்த்தது சீர்செய்யப்பட்ட முடிவு. அதன் பிறகும் குறை தீரவில்லை என்றால், விளக்கம் போதாதது அதற்குக் காரணமாக இருக்க முடியாது. தாம் எடுத்த முடிவுகளுக்குக் கணக்குக் கேட்டவரிடம் கதை சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: இந்த விளையாட்டு ஒருகாலத்தில் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டதாமே?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: உண்மைதான். முதல் பாகத்தில் ஒரு மனிதப் பெண்ணும் வேற்றுகிரகப் பெண்ணும் நெருக்கமாக இருக்கும் காட்சி இருந்ததால், அப்போதைய ஊடக மேம்பாட்டு ஆணையம் 2007 நவம்பரில் அதைத் தடை செய்தது. ஓரிரு நாள்களிலேயே தடை விலக்கப்பட்டு, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான எம்18 தரத்தில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. வீடியோ விளையாட்டுகளுக்கென வயதுவாரி வகைப்பாட்டு முறை அதன் பிறகுதான், 2008 ஏப்ரலில், இங்கு நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிவிட்டோம் என்பதற்காக முடிவை மாற்று என்று படைப்பாளியிடம் கேட்பது அடாவடி அல்லவா? நாளை நாவலாசிரியரிடமும் இப்படித்தானே கேட்பார்கள்?
– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: நாளை என்ன, நேற்றே கேட்டிருக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து வாசித்தவர்கள், கதை திடீரென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்டபோது, கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளுக்கு விடையளித்தார். கதையின் முடிவில் அவர் கைவைக்கவில்லை. பயோவேர் செய்ததும் ஏறத்தாழ அதுவே.

ஆயினும் நாவல் வாசகருக்கும் இந்த ஆட்டக்காரருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வந்தியத்தேவன் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கல்கி நம்மிடம் கேட்கவில்லை. இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் நம்மைக் கேட்டுக் கேட்டு எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் மட்டும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டதால், அது ஏன் என்று கேட்க ஆட்டக்காரருக்கு உரிமை இருக்கிறது. இப்படித்தான் மாற்ற வேண்டும் என்று ஆணையிடும் உரிமை அதில் அடங்காது. விளம்பரத்தில் சொன்னபடி முடிவு இல்லை என்று அமெரிக்காவில் ஒரு ரசிகர் அரசாங்க வர்த்தக ஆணையத்திடமே புகார் கொடுத்தார். அது மிகை என்பேன். மற்றொரு சாரார் எதிர்ப்பைக் காட்டும் விதமாக, மருத்துவமனைகளில் உள்ள குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் அறநிறுவனத்துக்கு 80,000 அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

2013 மார்ச்சில் ‘சிட்டடல்’ என்ற கூடுதல் பகுதி வந்தது. அதில் உலகைக் காக்கும் அவசரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று பாகங்களிலும் பிழைத்திருக்கும் தோழர்களை ஷெப்பர்ட் தம் குடியிருப்புக்கு விருந்துக்கு அழைக்கிறார்; யார் வருகிறார்கள் என்பது நீங்கள் யாரைக் காப்பாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. அதையே உண்மையான முடிவாக வைத்துக்கொண்ட ரசிகர்கள் பலர்.